சீப்பில் சிக்கிய முடியிலிருந்து தொடங்குவோம்: முடி உதிர்வையும் தலைத்தோல் கோளாறுகளையும் அறிகுறி கொண்டு பிரித்தறிதல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளுநராக வேலை பார்த்து வருகிறேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் சிலர் பொடுகு என்பார்கள், சிலர் மலையாள வழக்கில் தாரன் என்பார்கள். சிலருக்கு முடி கொட்டும், சிலருக்குக் கொழியும். பெயர் எதுவானாலும் குற்றவாளி என்று எல்லோரும் கைகாட்டுவது ஒன்றைத்தான். "ஏனுங்க, போர்த்தண்ணி சேராம முடி பூராக் கொட்டுதுங்க, அதுக்கு ஒரு எண்ணெய் குடுங்க" என்று கேட்காத நாள் கிடையாது.

மழை குறைந்த இந்தக் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதில் ஐயமில்லை. வாளியின் உட்புறம் படிந்து, தேய்த்தாலும் போகாத வெள்ளைக் கறையே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த நீர் முடியை முரடாக்கும், ஒடிக்கும், வேரைக் கெடுக்காது. முடி எப்படிப் போகிறது, தலையின் எந்தப் பகுதியில் போகிறது, எப்போது தொடங்கியது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் எண்ணெயோ மருந்தோ வாங்குவது, நோய் ஒரு பக்கம் இருக்க மருந்தை மறுபக்கம் தடவுவதாகவே முடியும். ஆகவே கீழே உள்ளவற்றை நோயின் பெயரைக் கொண்டு அடுக்காமல், வீட்டுக் கண்ணாடி முன் நின்றால் தெரியக்கூடிய அறிகுறியைக் கொண்டு அடுக்கியிருக்கிறேன்.

முதற் சோதனை: வேரோடு வந்ததா, நடுவில் ஒடிந்ததா

காலையில் சீப்பில் வந்த முடிகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். வெளிச்சத்தில் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு வெளுத்த குமிழ் இருந்தால் அது தோலுக்குள்ளிருந்து கழன்று வந்த முடி. இரு முனைகளிலும் குமிழ் இல்லாமல், நீளமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருந்தால் அது ஒடிந்த முடி. இந்த வெள்ளைக் குமிழைப் பார்த்து "வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது" என்று அஞ்சுவோர் பலர். அது வேர் அன்று. ஓய்வுக் காலம் முடிந்த முடியின் அடிப்பகுதி மட்டுமே. முடியை உருவாக்கும் பை தோலுக்குள்ளேயே இருக்கிறது, அடுத்த முடியை அனுப்பவும் செய்கிறது.

தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வீதம் வளர்ந்து, இரண்டு மூன்று வாரம் அடங்கி, பிறகு சுமார் 3 மாதம் ஓய்ந்திருந்து உதிர்கிறது. எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருப்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. மூன்று நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிக்கிறவர்களுக்கு மூன்று நாள் முடியும் ஒரே வேளையில் வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேரள வழக்கப்படி நாள்தோறும் தலை நனைத்துவந்த பெண், கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கம் போய் வாரம் இருமுறை என்று மாற்றிக்கொண்டதும் "அங்கே போனதும் முடி கொட்டுகிறது" என்று சொல்வது பல நேரங்களில் இந்தக் கணக்குப் பிழைதான்.

ஐயம் தீரவில்லை என்றால் ஒரு நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்து, 50, 60 முடிகளை ஒரு கற்றையாக விரல்களுக்கிடையில் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை வலிக்காத அளவில் இழுத்துப் பாருங்கள். தலையில் நான்கைந்து இடங்களில் இதைச் செய்ய வேண்டும். கற்றைக்கு ஒன்றிரண்டு வந்தால் கவலையில்லை. ஆறுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் உதிர்வு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

முடி ஒடிகிறது, சொரசொரக்கிறது, நுனி பிளக்கிறது

போர்த்தண்ணீரின் மேல் சாட்டும் குற்றம் பொருந்துவது இங்கே மட்டுந்தான். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி முடியின் மேல் படிகின்றன. முடி ஒன்றோடொன்று உரசிச் சிக்குப் பிடிக்கிறது. சிக்கை இழுத்துச் சீவும்போது ஒடிகிறது. எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் தோட்ட வேலை முடித்து வந்து உடம்புக்குப் போடும் சோப்பையே தலைக்கும் போட்டுக்கொள்கிறார்கள். இந்தத் தண்ணீரில் அதைவிடத் தீங்கு வேறில்லை. ஷாம்பு இப்படிப் பிசுக்காகத் திரியாது. சீயக்காயும் அரப்பும் திரியமாட்டா. ஆனால் அரப்புத் தூளை அரைகுறையாக அலசிவிட்டால் முடி வைக்கோலாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. சோப்பை நிறுத்துங்கள். கடைசி இரண்டு செம்பு நீரை மட்டும் மழைநீராகவோ குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீராகவோ ஊற்றுங்கள். குளிப்பதற்கு முன் முடியின் நீளத்தில், தோலில் அல்லாமல், சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. நம் பாட்டிமார்கள் எண்ணெய் தடவியது வீண் போகவில்லை. ஆனால் அது முடிக்கு நன்மை செய்வதால், முடியை முளைக்க வைக்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஈர முடியைச் சீவாதீர்கள். முடியை நேராக்கும் சூட்டுக் கருவியும் ரசாயனப் பூச்சும் இதே ஒடிதலைத் தருபவை.

தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ஆனால் எங்கும் சொட்டை தெரியவில்லை

குமிழோடு கூடிய முடி, தலை முழுவதிலிருந்தும், சட்டென்று தொடங்கியிருந்தால், நாள்காட்டியை எடுத்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்க விரும்புகிறவர்கள் இதையே வைத்துக்கொள்ளலாம். உடலுக்கு ஒரு பேரிடி விழும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். டெங்குவோ டைஃபாய்டோ வந்து காய்ச்சல் ஏறிய நாளை மக்கள் மறந்திருப்பார்கள். நேற்று மாற்றிய ஷாம்புவைக் குற்றம் சொல்வார்கள். 2021ஆம் ஆண்டில் கோவிட் அலை ஓய்ந்து சில மாதங்களில் எங்கள் கடையில் முடி எண்ணெய் விற்ற வேகத்துக்குக் காரணம் இதுவே.

காய்ச்சல் தவிர, அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து விரைவாக எடை குறைத்தல், பெரும் மனத்துயர், சில மருந்துகளைத் தொடங்குவது அல்லது நிறுத்துவது ஆகியவையும் இதே விளைவைத் தரும். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் மாதத்தில் தாய்க்கு முடி கொட்டுவதைக் "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காரணத்தைக் குழந்தையின் மேல் போட்டாலும், காலக் கணக்கில் அவர்கள் தவறவில்லை. கருவுற்ற காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடிகள் அப்போது சேர்ந்து உதிர்கின்றன. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் பெரும்பாலும் முடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எண்ணிப் பார்த்ததில் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மருந்து வேண்டியதில்லை. உண்டு, உறங்கி, காத்திருந்தால் ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கும்; நெற்றியோரத்தில் சிறு சிறு புது முடிகள் குத்திட்டு நிற்பதைக் கண்ணாடியில் காணலாம். இந்த இடைவெளியில் யாராவது ஒரு மூலிகை எண்ணெயைத் தடவியிருந்தால் புகழ் முழுவதும் அந்த எண்ணெய்க்குப் போய்ச் சேரும். பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் இத்தகையதே. நேர்த்திக்கடனுக்காக மொட்டை போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கத்தி தோலின் மேலேதான் போகிறது, முடிப்பை தோலின் கீழே இருக்கிறது. மழித்த முடி மழுங்கிய முனையோடு முளைப்பதால் தொட்டால் தடித்ததாகத் தோன்றும், அவ்வளவே.

காரணம் கிடைக்கவில்லை, அல்லது ஆறு மாதம் கடந்தும் நிற்கவில்லை என்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பெண்களிடம் முதலில் தேட வேண்டியது இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்பு மாத்திரையைச் சாயாவோடு விழுங்குகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். தேநீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும், குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுத்துப் போவது மாத்திரையின் இயல்பு, அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

பயோட்டின் என்னும் பி வகை வைட்டமின் மாத்திரையைப் பற்றி ஒரு சொல். குறைபாடு உள்ளவர்களுக்கே அது பயன்படும். அந்தக் குறைபாடு அரிது. அதோடு, மிகுதியான பயோட்டின் தைராய்டுப் பரிசோதனையின் முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோப்போனின் பரிசோதனையின் முடிவையும் பிறழச் செய்யும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. இரத்தம் கொடுக்கப் போகும்போது அதை உட்கொள்வதைக் கட்டாயம் சொல்லுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் ஆகியவை அளவுக்கு மீறினால் அவையே முடியைக் கொட்டச் செய்யும்.

வகிடு அகலமாகிறது, அல்லது நெற்றி ஏறுகிறது

கொத்தாகக் கொட்டாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல, ஆண்களுக்கு நெற்றியின் இரு பக்கமும் உச்சியும், பெண்களுக்கு வகிட்டின் நடுப்பகுதியும் மெலிந்துகொண்டே வந்தால் அது பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்னும் ஹார்மோனுக்கு அந்த இடத்து முடிப்பைகள் இயல்பிலேயே கூருணர்வு கொண்டிருப்பதால், முடி ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிட மெல்லியதாக முளைக்கிறது. அது தாய்வழியில் மட்டுமே வரும் என்பது தவறு. இரு வழியிலும் வரும். மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்தலும் சேர்ந்திருக்கும் இளம்பெண்கள் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இதற்கு எண்ணெய் உதவாது. உதவும் என்று நிலைநாட்டப்பட்ட மருந்துகள் சில உண்டு. மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அதை உட்கொண்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைக் கண்டே தலைக்குத் தடவும் திரவமாக்கினார்கள், 1988இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஆண்களுக்கு 5 விழுக்காட்டுத் திரவத்தில் 1 மி.லி. வீதம் காலையும் மாலையும், எண்ணெயில்லாத உலர்ந்த தலைத்தோலில் தடவ வேண்டும். எங்கள் ஊரில் இது தோற்பதற்கு முதற் காரணம், காலையில் எண்ணெய் தேய்த்து அதன் மேல் இதையும் தடவுவது. இரண்டாவது காரணம், தொடங்கிய சில வாரங்களில் பழைய முடிகள் இடம் விடுவதால் உதிர்வு கூடும்போது அஞ்சி நிறுத்திவிடுவது. நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்தே பலன் தெரியும். நிறுத்தினால் கிடைத்த முடி சில மாதங்களில் போய்விடும். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தொடக் கூடாது. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் தலையணை உறையையும் கையையும் நன்றாகக் கழுவ வேண்டும். சில துளி நக்கினாலும் பூனைக்கு அது நஞ்சு.

ஃபினாஸ்டிரைட் 1 மி.கி. மாத்திரை ஆண்களுக்கு மட்டும், மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். பாலுணர்வு தொடர்பான பக்கவிளைவுகள் சிலருக்கு வருவதாலும், புராஸ்டேட் புற்றைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனையின் அளவைக் குறைத்துக் காட்டுவதாலும், நண்பர் வாங்குகிறார் என்று வாங்கக் கூடிய மருந்து அன்று.

வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் முடி போய்விட்டது

இந்த இடத்தில்தான் மிகுந்த தவறுகள் நடக்கின்றன. நானும் செய்திருக்கிறேன். வட்டத்தைக் கண்டதும் புழுவெட்டு என்றோ பூச்சிவெட்டு என்றோ பெயரிட்டுவிடுகிறோம். ஆனால் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு நோய்கள் வட்டமாகவே வருகின்றன. விரலால் தடவிப் பாருங்கள்.

தோல் பட்டுப்போல் வழவழப்பாக, செதிலோ சிவப்போ அரிப்போ இல்லாமல் இருந்தால் அதுவே புழுவெட்டு. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் முடிப்பைகளையே பகையாகக் கருதித் தாக்குகிறது. ஆயுர்வேதத்தில் இந்திரலுப்தம் என்று சொல்வது இதைத்தான். வட்டத்தின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால், நுனி தடித்து அடி மெலிந்த, ஆச்சரியக்குறியைப் போன்ற குட்டை முடிகள் சில தென்படும். நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் சிலரிடம் காணப்படும். ஒன்றிரண்டு சிறு வட்டங்கள் மட்டும் என்றால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும். முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுக்கும். தோல் மருத்துவர் அந்த இடத்தில் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஸ்டீராய்டு ஊசி அதை விரைவுபடுத்தும். தலை முழுவதும் பரவும் கடுமையான வகைக்கு, பாரிசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் தந்தார்கள். அதைத் தொடங்குமுன் காசநோய் உள்ளிட்ட பரிசோதனைகள் தேவை.

தோட்டத்திலிருந்து ஆற்றுத்தும்மட்டிக்காயைக் கொண்டுவந்து அறுத்துத் தேய்ப்பதும், பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவதும், குன்றிமணியை அரைத்துப் போடுவதும் இங்கே இன்றும் உண்டு. தானாக முளைக்கக்கூடிய நோய் என்பதால் இவற்றுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பூண்டு தோலை வெந்ததுபோல் பொத்துவிடும். குன்றிமணி கொடிய நஞ்சு, அரைத்த கையோடு குழந்தை விளையாடும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

மாறாக, வட்டத்தின் மேல் தவிட்டைத் தூவியது போல் செதில் இருந்து, முடி தோலோடு ஒட்டி ஒடிந்து கரும்புள்ளிகளாக நின்று, கழுத்தின் பின்புறம் நெறி கட்டியிருந்தால், அதிலும் நோயாளி பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தால், அது தலையில் வந்த படை, மலையாளத்தில் வட்டச்சொறி. பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயே புகுந்திருப்பதால் மேலே தடவும் எந்தக் களிம்பும் அங்கே எட்டாது. வாய்வழி மருந்து கட்டாயம். கிரிசியோஃபுல்வின் என்றால் ஆறு முதல் எட்டு வாரம், கொழுப்புள்ள உணவோடு, பாலோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். சில வகைப் பூஞ்சைக்கு டெர்பினாஃபின் குறைந்த காலத்தில் போதும். எடையைக் கொண்டு அளவைக் கணக்கிட வேண்டியது மருத்துவர். வீட்டில் மற்றவர்களும் கீட்டோகொனசோல் ஷாம்பு போட்டுக் குளிப்பதும், சீப்பு, துண்டு, தொப்பி ஆகியவற்றைப் பங்கிடாமல் இருப்பதும் பரவலைக் குறைக்கும்.

நான் செய்த தவறு இதில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழு வயதுப் பையனின் பிடரியில் இருந்த செதில் வட்டத்துக்கு, அவன் அம்மா கேட்டபடி, மூன்று மருந்துகள் கலந்த களிம்பு ட்யூப் ஒன்றை மருந்துச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்த வீரியமான ஸ்டீராய்டு இரண்டே நாளில் சிவப்பையும் அரிப்பையும் அடக்கியது. அடங்கியது உடலின் எதிர்ப்புத்தான், பூஞ்சை அன்று. ஐந்து வாரம் கழித்து அவனைத் திரும்ப அழைத்துவந்தபோது, அந்த இடம் அழுத்தினால் உள்வாங்கும் கொழகொழத்த வீக்கமாகி, துளைகளிலிருந்து சீழ் கசிந்துகொண்டிருந்தது. "சேட்டா, இதைக் கீறி விட்டுடலாமா" என்று அவன் அப்பா கேட்டார். அப்படிப்பட்ட வீக்கத்தைக் கீறக் கூடாது. அது சீழ்க்கட்டியைப் போலத் தோன்றினாலும் பூஞ்சைக்கு எதிராக உடல் காட்டும் கொந்தளிப்பு. வாய்வழி மருந்திலேயே வற்ற வேண்டும். வற்றியது. ஆனால் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு அங்கே முடி முளைக்கவே இல்லை. தலையிலோ உடம்பிலோ வட்டமாக எது வந்தாலும் கலவைக் களிம்பை நான் சீட்டில்லாமல் தருவதில்லை என்பதற்குக் காரணம் அந்தப் பிடரி.

வெள்ளையாக உதிர்கிறது

கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் தலையை உதறுங்கள். உதிர்வது எத்தகையது என்பதே விடையைச் சொல்லும்.

பிசுக்கான, மஞ்சள் சாயலுள்ள செதில்கள் தலையில் மட்டுமின்றி, புருவத்திலும் மூக்கின் ஓர மடிப்பிலும் காதின் பின்னும் இருந்தால் அது பொடுகும் அதன் முற்றிய வடிவமும். மலசீசியா என்னும் ஈஸ்ட் எல்லோர் தலைத்தோலிலும் வாழ்கிறது. தோல் சுரக்கும் எண்ணெயைத் தின்று அது விடும் கழிவு சிலருக்கு ஒவ்வாமல் தோலைக் கிளறிவிடுகிறது. பொடுகு என்றால் தலை வறண்டிருக்கிறது என்று எண்ணி மேலும் எண்ணெய் தேய்ப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதே. நாள்தோறும் எண்ணெய் தேய்க்கும் கேரள வழக்கத்தையும், கடின நீரில் வாரம் இருமுறை மட்டும் அலசும் கொங்கு வழக்கத்தையும் ஒருசேரக் கடைப்பிடிக்கும் எங்கள் எல்லையூர்த் தலைகளில் இது தழைப்பதில் வியப்பில்லை. பொடுகு ஆறும் வரை தோலில் எண்ணெய் வேண்டாம்.

கீட்டோகொனசோல் 2 விழுக்காட்டு ஷாம்புவை வாரம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரம் போடுங்கள். முடியில் அன்று, தோலில். நுரைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். போட்ட கையோடு தண்ணீர் ஊற்றிவிட்டு "பிரயோசனமில்லைங்க" என்று வருகிறவர்களிடம் நான் கடிகாரத்தைக் காட்டுவேன். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தால் திரும்ப வருவது குறையும். பொடுகு அடியோடு ஒழிவதில்லை, அடங்கியிருக்கும். பொடுதலைத் தைலம் இரு மாநிலத்திலும் விற்கிறது. அதைப் போட விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, அரை மணி நேரத்துக்கு மேல் தலையில் ஊறவிடாமல் ஷாம்புவால் முழுவதும் போக்கிவிடுங்கள் என்பதே.

தடித்த, வெள்ளிநிறப் பாளங்களாக, எல்லை தெளிவாக, நெற்றிக் கோட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும் செதில்களாக இருந்து, முழங்கையிலும் முழங்காலிலும் அதே போன்ற தடிப்பு இருந்தால் அது சொரியாசிஸ். தொற்றாது. இங்கே எண்ணெய் பகையன்று. செதிலை ஊறவைத்து எடுக்க உதவும். சாலிசிலிக் அமிலமும் நிலக்கரித் தாரும் கலந்த ஷாம்பு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஸ்டீராய்டுத் திரவம் என்று மருத்துவர் வரிசைப்படுத்துவார். சித்த மருத்துவர்கள் தரும் வெட்பாலைத் தைலத்தால் நிம்மதி கண்டவர்கள் உண்டு. மூட்டுகள் காலையில் விறைத்து வீங்கினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செதில், கோளாறு இல்லாமலே, குளித்த மறுநாள் மட்டும் வெண்பொடியாக வந்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசியதும் மறைந்தால், அது முன்னே சொன்ன சோப்புப் பிசுக்கு. ஊதினாலும் உதறினாலும் அசையாமல் முடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஈர், அதாவது பேன் முட்டை. பெண்பிள்ளைகளின் காதின் பின்னும் பிடரியிலும் பாருங்கள். தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஒட்டியிருப்பவையே பெரும்பாலும் உயிருள்ளவை. அதற்கு மேல் இருப்பவை வெறும் கூடு. பெர்மெத்ரின் 1 விழுக்காட்டு லோஷனை 10 நிமிடம் வைத்து அலசி, ஒன்பதாம் நாள் மறுபடியும் செய்து, இடையில் பேன்சீப்பால் ஈர முடியை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்ப்பது முக்கியம். மாந்தோப்புக்கும் தென்னைக்கும் அடிக்கும் பூச்சிமருந்தைக் குழந்தையின் தலையில் தடவும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அது தோல் வழியாக உட்புகுந்து உயிரையே எடுக்கக்கூடியது. மண்ணெண்ணெயும் வேண்டாம்.

ஈரத் தலையை அப்படியே முடிந்து வைக்கும் பெண்களிடம், ஈரைப் போலவே தோன்றி, ஆனால் விரலால் உருவினால் வழுக்கிக்கொண்டு வரும் மென்மையான வெண்கணுக்கள் சில நேரம் தென்படும். அதுவும் ஒரு பூஞ்சை. பேன் மருந்து அதற்கு ஆகாது. முடியை வெட்டிக் குறைப்பதும், உலர்த்திய பிறகு முடிவதும், பூஞ்சைக்கொல்லி ஷாம்புவும் போதும்.

எரிச்சல், சிவப்பு, நீர்க்கசிவு

சாயம் பூசிய ஒன்றிரண்டு நாளுக்குள் தொடங்கியிருந்தால் சாயமே காரணம். பாராஃபினைலீன்டையமின் என்னும் பொருள் பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் உண்டு. இயற்கையானது என்று எழுதிய "கறுப்பு மருதாணி"ப் பொட்டலத்திலும் இருக்கும், ஏனெனில் மருதாணி தானாகக் கறுப்பு நிறம் தராது. முன்பு பலமுறை பூசி ஒன்றும் ஆகவில்லை என்பது காப்பு ஆகாது. ஒவ்வாமை ஏதாவது ஒரு முறையில் தொடங்கி, பிறகு ஒவ்வொரு முறையும் கடுமையாகும். காதின் பின்னே சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது. கண்ணிமை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாயம் இல்லாமல், முடியடியில் சீழ்க்கொப்புளங்கள் வந்தால், எண்ணெயும் வியர்வையும் ஹெல்மெட்டும் சேர்ந்த வேலை; எண்ணெயை நிறுத்தி, ஹெல்மெட் உட்துணியைத் துவைத்து, ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

நெற்றியோரமும் காதோரமும் மட்டும் மெலிகிறது

இரட்டைச் சடையை இறுகப் பின்னி மடித்துக் கட்டும் பள்ளிப் பெண்களிடமும், உச்சியில் இழுத்து முடிந்து கொண்டையில் கனமாகப் பூச்சூடுபவர்களிடமும் பார்க்கலாம். இழுவை நின்றால் முடி திரும்பும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் திரும்பாது. பின்னிய பிறகு புருவம் மேலே இழுபட்டுத் தெரிந்தால் பின்னல் இறுக்கம்.

தோல் பளபளக்கிறது, முடித்துளையே தெரியவில்லை

முடி போன இடத்தில் ஒளியைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். புழுவெட்டில் தோல் வழவழப்பாக இருந்தாலும் முடி முளைத்த துளைகள் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளும் இல்லாமல், தோல் மெழுகு பூசியது போல் பளபளத்து, ஓரத்தில் செந்நீல நிறமோ, முடியைச் சுற்றிக் கழுத்துப்பட்டை போல் செதிலோ, எரிச்சலோ இருந்தால், முடிப்பைகள் தழும்பாகிக்கொண்டிருக்கின்றன. வெயிலில் கூடும் தடித்த தழும்புத் தட்டுகள் தலையோடு காதுக்குழியிலும் இருந்தால் நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயின் தோல் வடிவமாக இருக்கலாம். தழும்பான பை மறுபடியும் முடி தராது. எஞ்சியதைக் காப்பாற்றுவதே சிகிச்சை. எனவே வேறு பலவற்றில் பொறுத்துப் பார்க்கச் சொன்ன நான், இதற்கு அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். சிறு துண்டுத் தோலை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது

பாலக்காட்டுக்குப் போனாலும், பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போனாலும், முந்தின நாள் எண்ணெய் தேய்க்காமல், அன்று காலை தலைக்குக் குளிக்காமல் போங்கள். செதில் இருந்தால்தான் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்க முடியும். சாயம் இருந்தால் முடியின் அடிநுனி தெரியாது. கைபேசியில் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், வகிட்டைப் படமெடுத்து வைத்திருந்தால், வாய்மொழியைவிட அது நம்பத்தக்கது. இதுவரை தடவியது, விழுங்கியது எல்லாவற்றையும், பக்கத்து வீட்டு அக்கா தந்த எண்ணெய்ப் புட்டி, பெயர் அழிந்த மாத்திரை அட்டை, கழுத்து வரை சுருட்டிப் பிழிந்த அந்த ட்யூப் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.